ஞாயிற்றுக்கிழமை நடை கசந்துபோன ஒரு உறுப்பினர்: ஒரு பறவை பார்க்கும் குழுவின் நிகழ்வு ஆய்வு

இது சென்னையின் தென்பகுதியில் உள்ள ஒரு சிறிய பறவை பார்க்கும் குழுவில் 2016 முதல் 2024 வரை நடந்தது. இதில் வரும் பெண்மணி முழுவதையும் படித்து, இரண்டு இடங்களில் திருத்தம் சொல்லி, சரி என்று சொன்ன பிறகே இதை வெளியிடுகிறேன். அவரை அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். குழுவை நடத்திய மூன்று பேரில் நானும் ஒருவன், இதில் எடுத்த தவறான முடிவுகளில் எனக்கும் பங்கு உண்டு.

ஓட்டக் குழு, சைக்கிள் குழு, பாட்டு வகுப்பு என்று எங்கே பார்த்தாலும் நான்கைந்து வருடம் ஆர்வமாக வந்தவர் ஒருவர் மெல்லக் காணாமல் போவார், நாம் "வேலை அதிகம் போல" என்று சொல்லிவிட்டு அடுத்த வாரத் திட்டத்துக்குப் போய்விடுவோம். நாங்களும் அப்படித்தான் இருந்தோம்.

பின்னணி

குழு 2014-இல் ஆறேழு பேரோடு தொடங்கியது. மாதத்தில் இரண்டு ஞாயிறு, காலை ஐந்தரைக்குக் கிளம்பி பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், சிறுதாவூர், கேளம்பாக்கம் காயல் என்று எங்காவது ஒரு நீர்நிலைக்குப் போவது, எட்டரைக்கு ஒரு டீக்கடையில் உட்கார்ந்து பார்த்ததைப் பேசுவது, பத்து மணிக்குள் வீடு திரும்புவது. சட்டதிட்டம் ஒன்றும் கிடையாது. பைனாகுலர் நான்கு பேரிடம்தான் இருந்தது, கை மாற்றி மாற்றிப் பார்ப்போம்.

அந்தப் பெண்மணி 2016 நவம்பரில் சேர்ந்தார். அப்போது வயது முப்பத்தெட்டு, வங்கி வேலை, வீட்டில் கணவர், பள்ளிக்கூடம் போகும் மகன், மாமியார். முதல் நாள் பள்ளிக்கரணையில் ரேடியல் சாலையோரம் நின்று ஒரு நீலத் தாழைக்கோழியைக் காட்டினேன். அது தன் நீண்ட சிவந்த விரல்களால் கோரைத் தண்டைப் பிடித்துக்கொண்டு, கிளி பழம் தின்பதைப் போலக் கடித்துக்கொண்டிருந்தது. "கையால சாப்பிடுது பாருங்க தம்பி" என்று சொல்லிவிட்டு இருபது நிமிடம் அந்த இடத்தைவிட்டு அவர் நகரவில்லை. நாங்கள் நாமக்கோழிகளையும் நீலச்சிறகு வாத்துகளையும் எண்ணி முடித்துத் திரும்பி வந்தபோதும் அங்கேயேதான் நின்றார்.

அடுத்த இரண்டு வருடமும் அவர் அப்படித்தான். தெருவில் திரியும் தவிட்டுக்குருவிக் கூட்டத்தைக்கூட அரை மணி நேரம் பார்ப்பார். மற்றவை தரையில் இரை பொறுக்கும்போது ஒன்று மட்டும் மேலே கிளையில் காவலுக்கு உட்கார்ந்திருப்பதை எங்களில் பலர் அவர் சொல்லித்தான் கவனித்தோம். டீக்கடைப் பேச்சில் அதிகம் சிரித்தவரும் அவர்தான். சின்ன விவரம்தான், ஆனால் பின்னால் வருகிறது.

2018 வாக்கில் குழுவில் எல்லோரும் இபேர்டில் பட்டியல் போடத் தொடங்கினோம். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகம் 2002-இல் தொடங்கிய தளம் அது. எங்கே, எவ்வளவு நேரம், எந்தப் பறவை எத்தனை என்று எழுதிப் போட வேண்டும். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. 2023-இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, இப்படிச் சாதாரண ஆட்கள் போட்ட ஏறக்குறைய மூன்று கோடிப் பதிவுகளை வைத்துத்தான் எந்தப் பறவை குறைகிறது, எது தாக்குப்பிடிக்கிறது என்று சொன்னது. தன் வீட்டருகே உள்ள ஒரு குளத்துக்கு வாரம் தவறாமல் போய் அவர் போட்ட பட்டியல்கள் உண்மையிலேயே மதிப்புள்ளவை.

ஆனால் அதே தளம் ஒரு மாவட்டத்தில் யார் அதிக இனங்களைப் பார்த்திருக்கிறார்கள் என்று வரிசைப்படுத்தியும் காட்டும். 2021 ஜனவரியில் குழுவில் ஒரு இளைஞர் அந்த வரிசையை மாதக் கடைசியில் வாட்சப்பில் போடத் தொடங்கினார். கைதட்டல் படங்கள் குவிந்தன. அந்தப் பெண்மணியின் பெயர் முதல் மாதமே மூன்றாவது இடத்தில் இருந்தது. நாங்கள் எல்லோரும் வாழ்த்தினோம்.

கண்ணில் பட்டவை

இதையெல்லாம் அப்போதே கவனித்தேன் என்று சொல்ல முடியாது. பாதி பின்னால் பழைய செய்திகளைப் புரட்டியபோது புரிந்தது, பாதி அவரே சொன்னது.

2021 நடுவில் நடைகளுக்கு முப்பது பேர் வரத் தொடங்கியிருந்தார்கள், அதில் பாதிக்கு மேல் பெரிய லென்ஸ் வைத்த கேமராக்களோடு. அவரும் தவணையில் ஒரு கேமரா வாங்கினார். பறவை தெரிந்ததும் முதலில் படம், அப்புறம் போனில் பதிவு, அதற்குள் பறவை போயிருக்கும். ஒரு நாள் பெரும்பாக்கத்தில் நாற்பது ஐம்பது பேர் சேர்ந்து கத்தினாற்போல ஒரு தவிட்டுக்குருவிக் கூட்டம் பக்கத்துக் கருவேல மரத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தது, அவர் திரும்பிப் பார்த்துவிட்டு "தவிட்டுக்குருவிதான்" என்று சொல்லி நடந்தார். அந்தத் "தான்" எனக்குக் காதில் விழுந்தது, ஆனால் நிற்கவில்லை.

பிறகு டீக்கடைக்கு வருவது நின்றது. "வீட்ல வேலை இருக்கு தம்பி" என்று நேரே வண்டிக்குப் போய்விடுவார். நடையைவிட அந்த டீக்கடைப் பேச்சுக்காகத்தான் ஆரம்பத்தில் வந்தேன் என்று ஒருமுறை சொன்னவர் அவர். அது நின்றதை நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம், ஒருவரும் கேட்கவில்லை.

அவருக்குள் நடந்ததை அவர் வார்த்தையில் சொல்கிறேன். "சனிக்கிழமை ராத்திரி ஆனா திங்கக்கிழமை ஆபீஸ் போற மாதிரி வயித்துல ஒரு கனம். ஒரு தடவை மழைன்னு நீங்க நடையை ரத்து பண்ணீங்க, அந்த மெசேஜ் பாத்ததும் எனக்கு அவ்ளோ சந்தோஷம். அப்புறம்தான் பயம் வந்துச்சு, எனக்குப் பிடிச்ச ஒண்ணே ஒண்ணு ரத்தானதுக்கு ஏன் சந்தோஷப்படறேன்னு."

இந்த ஆய்வில் ஒரே ஒரு அறிகுறியைச் சொல் என்றால் இதைத்தான் சொல்வேன். விருப்பத்தோடு செய்யும் ஒன்று ரத்தாகும்போது மனது லேசானால், அதை அன்றே யாரிடமாவது பேச வேண்டும்.

முதல் முடிவு

2021 டிசம்பரில் அவருடைய வருகை பாதியாகக் குறைந்ததும் நாங்கள் மூவரும் பேசினோம். எங்கள் கணிப்பு: பழைய ஆள், போதிய மரியாதை கிடைக்கவில்லை என்று மனக்குறை, ஒரு பொறுப்பு கொடுத்தால் சரியாகிவிடும். அதனால் 2022 பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் எங்கள் பகுதியை அவரிடம் ஒப்படைத்தோம். 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கலையொட்டி நான்கு நாள் நடக்கும் கணக்கெடுப்பு அது. ஒரு இடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் நின்றோ நடந்தோ கண்ட பறவைகள் அனைத்தையும் எண்ணிப் பட்டியல் இட வேண்டும், அவ்வளவுதான், யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் ஒருங்கிணைப்பவருக்கு வேலை அதிகம். யார் எந்த ஏரிக்குப் போகிறார்கள், விட்டுப்போன இடம் எது, தப்பாக அடையாளம் கண்டது எது என்று நான்கு நாளும் போனும் கையுமாக இருக்க வேண்டும்.

"இந்த வருஷம் வேண்டாமே" என்று அவர் சொன்னார். நான் தான், "நீங்க இல்லாம யாருக்கா பண்ணுவாங்க" என்றேன். அன்போடு சொன்னதுதான், ஆனால் அதற்குப் பிறகு அவரால் மறுக்க முடியவில்லை. பண்டிகை நேரத்தில் நான்கு நாளும் வீட்டில் இருந்தும் இல்லாதவராக இருந்தார், மாமியாரோடு அது பற்றி மனத்தாங்கல் ஆனது எங்களுக்கு ஒரு வருடம் கழித்துத்தான் தெரியும். கணக்கெடுப்பு நன்றாக முடிந்தது. குழுவில் பாராட்டினோம். பிப்ரவரியில் நடந்த கொல்லைப்புறப் பறவைகள் கணக்கெடுப்பையும் அவர் தலையிலேயே வைத்தோம்.

சலித்துப்போனவருக்குச் சலிப்பைத் தந்த வேலையையே இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம். என்ன பிரச்சினை என்று அவரிடம் கேட்காமல் நாங்களே ஊகித்ததுதான் இதில் அடிப்படைத் தவறு.

2022 அக்டோபர்

ஆறுமணிக்குருவி வலசை வருகிற மாதம் அது. இமயத்தின் அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் இனப்பெருக்கம் செய்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிற பறவை. இரவில் பறக்கும். விடியும்போது சோர்ந்துபோய்க் கிடைத்த இடத்தில் இறங்கிவிடும், சென்னையில் வீட்டுத் தோட்டத்திலும் கார் நிறுத்துமிடத்திலும்கூட அக்டோபரில் அதைப் பார்த்தவர்கள் உண்டு. பச்சை, நீலம், அடிவயிற்றில் சிவப்பு என்று பல நிறம் கொண்டது, அதனால் எல்லோருக்கும் அதைப் படம் எடுக்க ஆசை.

அவருடைய உறவினர் குடியிருக்கும் அடுக்குமாடி வளாகத்தில், ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் சருகுக்குள் ஒன்று இறங்கியிருந்தது. அவர் போய்ப் பார்த்துவிட்டு இடத்தைக் குழுவில் போட்டார். மறுநாள் காலை ஏழு மணிக்குள் இருபது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். நானும் போயிருந்தேன். ஒருவர் போனில் அதன் குரலை ஒலிக்கவிட்டார். அந்தப் பறவை சுவரோரமாக அங்கும் இங்கும் ஓடியது, இரை பொறுக்கவே இல்லை, கடைசியில் மழைநீர்க் குழாய்க்குள் புகுந்துகொண்டது. குழாயின் இரண்டு பக்கமும் ஆட்கள் குனிந்து நின்றார்கள். காவலாளி வந்து சத்தம் போட்டதும்தான் கலைந்தோம்.

அவர் யாரையும் திட்டவில்லை. வண்டியில் ஏறும் முன் என்னிடம் சொன்னது: "போன வருஷமே இதைப் பாத்தாச்சு தம்பி. இந்த வருஷக் கணக்குல ஒண்ணு ஏறட்டும்னுதான் போனேன். நான் போடாம இருந்திருந்தா அது நிம்மதியா சாப்ட்டுட்டு போயிருக்கும்."

அன்று போட்ட பட்டியலை அவர் அழித்துவிட்டார். மூன்று வாரம் கழித்து ஒரு நள்ளிரவில் வாட்சப் குழுவிலிருந்து வெளியேறினார்.

இரண்டாவது முடிவு

காலையில் "லெஃப்ட்" என்று பார்த்ததும் குழுவில் பலர் பல காரணம் சொன்னார்கள். இந்த முறை நான் எதையும் ஊகிக்காமல் அவரிடம் நேரம் கேட்டு, வேளச்சேரியில் ஒரு ஓட்டலில் சந்தித்தேன். ஒன்றரை மணி நேரம் பேசினோம், அதில் முக்கால்வாசி அவர்தான் பேசினார். இந்த ஆய்வில் உருப்படியான வேலை என்று நான் செய்தது அது ஒன்றுதான், அதையும் ஒரு வருடம் முன்பே செய்திருக்க வேண்டும்.

அவருக்கு முதலில் இருந்த பயம், இது மனச்சோர்வு நோயாக இருக்குமோ என்பது. அதற்குள் குடும்ப டாக்டரைப் பார்த்திருந்தார். டாக்டர் தூக்கம், பசி பற்றிக் கேட்டுவிட்டு, மற்ற விஷயங்களில் சந்தோஷம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். இருந்தது. தங்கை குழந்தையோடு விளையாடுவது, சமைப்பது, சீரியல் பார்ப்பது எல்லாம் எப்போதும்போலப் பிடித்திருந்தது. பிடிக்காமல் போனது இது ஒன்றுதான். எல்லாவற்றிலும் ஆர்வம் போய் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் உடனே வரச் சொல்லி அனுப்பியிருக்கிறார். இந்தக் கேள்வியை முதலில் தீர்த்துக்கொண்டது மிக முக்கியம் என்று நினைக்கிறேன். எல்லாமே பிடிக்காமல் போவது வேறு, அதற்கு ஓய்வோ புதுப் பொழுதுபோக்கோ மருந்தாகாது.

அடுத்து பணக் கணக்கு வந்தது. கேமரா, பைனாகுலர், ஆறு வருட ஞாயிற்றுக்கிழமைகள். "இவ்ளோ செலவு பண்ணிட்டு இப்ப விட்டா என்ன அர்த்தம்னு வீட்ல கேக்கறாங்க" என்றார். அந்தக் கேள்விதான் அவரைக் கூடுதலாக ஒரு வருடம் குழுவில் பிடித்து வைத்திருந்தது.

அப்போது நான் ஒரு பழைய உளவியல் ஆய்வைப் பற்றிப் படித்திருந்தேன். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் படம் வரைவதில் ஆசையுள்ள சின்னப் பிள்ளைகளிடம் செய்தது. வரைந்தால் ஒரு சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட பிள்ளைகள், பிறகு தாமாக வரைவதற்கு ஒதுக்கிய நேரம் மற்றப் பிள்ளைகளின் நேரத்தில் ஏறத்தாழ பாதியாகிவிட்டது. எதிர்பாராமல் சான்றிதழ் பெற்ற பிள்ளைகளுக்கு அப்படி ஆகவில்லை. அவரிடம் சொன்னேன். "அப்ப அந்த மாதக் கடைசி லிஸ்ட்தான் என் சர்டிபிகேட்டா" என்று கேட்டார். முழுக்க அதுதான் என்று சொல்ல மாட்டேன், கூட்டம் பெருகியதும் டீக்கடைப் பேச்சு சுருங்கியதும் நாங்கள் கொடுத்த பொறுப்பும் சேர்ந்துதான். ஆனால் அவருக்குப் பறவை அலுக்கவில்லை, பறவையை வைத்து நாங்கள் செய்துகொண்டிருந்தது அலுத்துவிட்டது என்பது அந்த மேசையில்தான் இருவருக்கும் தெளிவானது.

முடிவு அவருடையது: மூன்று மாதம் எதுவும் கிடையாது. நடை இல்லை, பட்டியல் இல்லை, 2023 பொங்கல் கணக்கெடுப்பு இல்லை. பைனாகுலர் அலமாரியில். கேமராவை விற்பதா வேண்டாமா என்பதை மூன்று மாதம் கழித்து யோசிப்பது. நான் குழுவில் "அவங்க கொஞ்ச நாள் ஓய்வு எடுக்கறாங்க, யாரும் கூப்பிட வேண்டாம்" என்று மட்டும் போட்டேன். நாள் குறித்து ஓய்வு எடுத்ததற்குக் காரணம், குறிக்காவிட்டால் ஒவ்வொரு சனிக்கிழமையும் போவதா வேண்டாமா என்று அவர் மனதோடு மறுபடியும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

அதன்பின் நடந்தது

முதல் மாதம் அவருக்கு வெறுமையாக இருந்திருக்கிறது. ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடும், செய்ய ஒன்றும் இருக்காது. வேறு பொழுதுபோக்கு தேடினார். பக்கத்தில் ஒரு வீணை வகுப்பில் சேர்ந்து ஆறு வாரத்தில் விட்டார். சிறுவயது ஆசை அது, ஆனால் விரல் வலியும் வீட்டில் சாதகம் பண்ண நேரமின்மையும் சேர்ந்து இன்னொரு கடமையாகிவிட்டது. காலை நடைக் குழு ஒன்றில் சேர்ந்தார், அங்கேயும் தினம் எத்தனை அடி நடந்தோம் என்று போட்டுக்கொண்டிருந்தார்கள், இரண்டாவது வாரமே விலகினார். எங்கள் குழுவில் ஏறக்குறைய இரண்டு வருடம் தாங்கியதை இந்த முறை இரண்டு வாரத்தில் கண்டுகொண்டார் என்பதை நான் முக்கியமாகப் பார்க்கிறேன்.

மொட்டைமாடியில் தொட்டிச் செடி வைத்தது மட்டும் நிலைத்தது. 2023 பிப்ரவரி கடைசியில் அங்கே தண்ணீர் ஊற்றும்போது ஒரு தையல்சிட்டு கறிவேப்பிலைச் செடிக்குள் புகுந்து புகுந்து வருவதைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டதாகச் சொன்னார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, அடுப்பில் பால் பொங்கிவிட்டது. 2020 ஊரடங்கில் எல்லோரும் அவரவர் மாடியில் இருந்து பறவை பார்த்தோமே, அதுதான் அவருக்கு ஆறு வருடத்தில் மிகவும் பிடித்த காலம் என்றும் அப்போதுதான் சொன்னார். இது எங்களுக்கு அதுவரை தெரியாது.

கேமராவை விற்றார், வாங்கிய விலையில் பாதிகூட வரவில்லை. பைனாகுலரை வைத்துக்கொண்டார். இப்போது ஒரு கோடுபோடாத நோட்டில் பார்த்ததை வரைகிறார், தேதி மட்டும் எழுதுகிறார். குளத்துக்குப் போவது பிடித்தால் போவது, கூடப் பக்கத்து வீட்டுப் பெண் குழந்தை ஒன்று. அந்தக் குழந்தை முக்குளிப்பான் தண்ணீருக்குள் போனதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அது வெளியே வரும்வரை விடாமல் இருக்கப் பார்க்குமாம்.

குழுவுக்கு அவர் திரும்பவில்லை. வருடத்தில் ஒருமுறை, வேடந்தாங்கல் போகும்போது மட்டும் வருகிறார். எங்களுக்கு இது இழப்புதான், அதை மறைக்க விரும்பவில்லை. அந்தக் குளத்தில் நான்கரை வருடம் வாராவாரம் தொடர்ந்த பட்டியல் 2022 அக்டோபரோடு நின்றுவிட்டது. குளத்தின் மேற்குக் கரையில் இப்போது மண் கொட்டுகிறார்கள், அதற்கு முன்னும் பின்னும் என்ன மாறியது என்று எண்ணிக்கையோடு காட்ட எங்களிடம் பின்பகுதி இல்லை. மாதம் ஒருமுறையாவது எண்ணித் தர முடியுமா என்று கேட்டுப் பார்த்தேன். யோசித்துவிட்டு வேண்டாம் என்றார். இந்த முறை நான் வற்புறுத்தவில்லை. வேறொருவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

மாற்றிச் செய்வதாக இருந்தால்

வரிசைப் பட்டியலை நிறுத்தியது முதல் மாற்றம், 2023 மார்ச்சில். அதை நடத்திய இளைஞருக்கு வருத்தம், அவரோடு நான்கைந்து பேர் வேறு குழு தொடங்கிப் போனார்கள். போட்டி சிலருக்கு உண்மையிலேயே பிடிக்கிறது, அவர்கள் நன்றாகப் பறவை பார்க்கிறார்கள், அதில் தப்பில்லை. எல்லோரையும் கேட்காமல் அதில் சேர்த்தது தப்பு. இப்போதாக இருந்தால் விருப்பமுள்ளவர்களுக்குத் தனியாக ஒன்று என்று முதலிலேயே பிரித்திருப்பேன்.

ஆறுமணிக்குருவி விஷயத்துக்குப் பிறகு, சோர்ந்து இறங்கிய பறவை, கூடு, பகலில் தூங்கும் ஆந்தை ஆகியவற்றின் இடத்தைக் குழுவில் போடுவதில்லை, குரலை ஒலிக்கவிடுவதில்லை என்று முடிவெடுத்தோம். இது 2014-லேயே இருந்திருக்க வேண்டும்.

மாதத்தில் ஒரு நடை போனும் கேமராவும் இல்லாமல். அதற்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் வருவதில்லை, சில வாரம் ஐந்து பேர். டீக்கடைக்கு அந்த ஐந்து பேரும் வருகிறார்கள். பட்டியல் போட்டே ஆக வேண்டிய கணக்கெடுப்பு நாட்களைத் தனியாக வைத்திருக்கிறோம், அதற்கு வருகிறவர்கள் அது வேலை என்று தெரிந்தே வருகிறார்கள்.

யாராவது இரண்டு மூன்று நடை தொடர்ந்து வராவிட்டால், எங்கள் மூவரில் ஒருவர் போன் செய்கிறோம். "ஏன் வரல" என்று கேட்பதில்லை, அப்படிக் கேட்டால் எல்லோரும் வேலை என்றுதான் சொல்கிறார்கள். "கடைசியா எந்த நடை உங்களுக்குப் பிடிச்சுது?" என்று கேட்கிறோம். இந்தக் கேள்வியைச் சொல்லித் தந்தவர் அவர்தான். ஒருவர் யோசித்து யோசித்துப் பார்த்து, ஒன்றும் ஞாபகம் வரவில்லை என்றார். அவருக்கு மூன்று மாதம் ஓய்வு எடுக்கச் சொன்னோம், இரண்டாவது மாதமே திரும்பி வந்தார். இன்னொருவர் வரவில்லை, அவர் இப்போது கேரம் ஆடப் போகிறார்.

போன டிசம்பரில் வேடந்தாங்கலில் அந்த அக்கா எங்களோடு வந்திருந்தார். நாங்கள் கோபுரத்தில் ஏறி நத்தைகுத்தி நாரைகளையும் கூழைக்கடாக்களையும் எண்ணிக்கொண்டிருந்தோம். அவர் ஏறவில்லை. கீழே கரையில் உட்கார்ந்து ஒரே ஒரு குளத்துக் கொக்கை ஒன்பது மணி வரை வரைந்துகொண்டிருந்தார்.